கலத்தின் இடப்பெயர்வு: தோற்புற்றுநோய் ஆய்வின் வரலாறு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1. முன்னுரை

தமிழிலக்கியம் பயிலும் நாம் மருத்துவ ஆய்வொன்றின் வரலாற்றை எழுத முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் ஒரு துறையின் வரலாறு அத்துறையினருக்கு மட்டும் உரியதன்று. எக்கேள்விகள் எக்காலத்தில் எழுந்தன, அவற்றை எழுப்பியோர் யாவர், கிடைத்த விடைகளாற் பயன்பெற்றோர் யாவர் என்பன சமூக வரலாற்றின் வினாக்களாகும். அவ்வினாக்களை எழுப்புவதற்கு நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருத்தல் வேண்டும் என்பதில்லை.

இக்கட்டுரையிற் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் வரையறுக்கப்பட்டதொன்று. உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் கலங்களுக்கிடையே செய்தி அனுப்புவதற்குப் பயன்படுத்தும் மூலக்கூறுகள், தோற்புற்றுநோய்க் கலங்களின் நகர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே அது. நோயாளியைப் பொறுத்தவரை இது சிறிய வினாவன்று. தோலின் நிறமிக் கலங்களிலே தோன்றும் மெலனோமா என்னும் புற்று, சில மில்லிமீற்றர் தடிப்பே உடையதாயிருக்கும்போதும் ஆளைக் கொல்ல வல்லது. தோலில் இருக்கும் அக்கட்டி கொல்வதில்லை. அதனின்று பிரிந்து நுரையீரலுக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் சென்று சேர்ந்த கலங்களே கொல்கின்றன. எனவே, ‘புற்று ஏன் வளர்கின்றது’ என்பதோடு ‘புற்று ஏன் நகர்கின்றது’ என்பதும் உயிர்ப் பிரச்சினையாகின்றது.

ஈழத்துப் பாடநூல்கள் உயிரின் அடிப்படை அலகைக் ‘கலம்’ எனக் குறிப்பிடுகின்றன. தமிழிற் கலம் என்பது பொருளைக் கொள்ளும் பாத்திரத்தையும் குறிக்கும். கடலிற் செல்லும் மரக்கலத்தையும் குறிக்கும். தன்னுள்ளே நிறைவுபெற்ற பாத்திரமாக எண்ணப்பட்ட புற்றுநோய்க் கலம், காற்றும் நீரோட்டமும் அறிந்து திசைகொள்ளும் மரக்கலமாக உணரப்பட்டமையே நாம் கூறப்போகும் வரலாற்றின் சுருக்கம் எனலாம். இம்மாற்றத்தின் உட்பொருளை ஆராய்வதும், அதனைக் கட்டுகஸ்தோட்டை போன்றதோர் இடத்திலிருந்து நோக்கும்போது புலப்படும் முரண்பாட்டைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. தோலும் உழைப்பும்

தோற்புற்றுநோய் பற்றிய காரணகாரிய ஆய்வு, உழைப்பாளரின் உடலிலிருந்தே தொடங்கியது என்பதனை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். 1775ஆம் ஆண்டில் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துப்புரவு செய்வோரின் விதைப்பைத் தோலிற் காணப்பட்ட புற்றைப் பற்றி எழுதினார். இத்தொழிலுக்குச் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். ஒடுங்கிய புகைவழியிற் புகுவதற்குச் சிற்றுடல் வேண்டியிருந்தமையே காரணம். அவர்களின் தோல் மடிப்புகளிற் படிந்த கரி, பல ஆண்டுகளின் பின் புற்றாக வெளிப்பட்டது. ஒரு புற்றுநோயைக் குறிப்பிட்டதொரு தொழிலோடு தொடர்புபடுத்திய முதல் விளக்கமாக இது கொள்ளப்படுகின்றது.

பின்னர் இலங்காசயர்ப் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரங்களின் முன் குனிந்து நின்ற தொழிலாளரின் ஆடைகளை நனைத்த எண்ணெய், அதே வகையான தோற்புற்றை உண்டாக்கியது. 1894இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா, வெயிலிலும் காற்றிலும் உழைத்த மாலுமிகளின் தோலில் ஏற்படும் மாற்றங்களைப் புற்றோடு தொடர்புபடுத்தினார். 1915இல் யப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதிலே பல மாதங்கள் நிலக்கரித் தாரைத் தடவிப் புற்றைத் தோற்றுவித்தனர். பொட் கண்ட உண்மை இவ்வாறு ஆய்வுகூடத்திலே நிறுவப்பட்டது.

நம் துணைக்கண்டத்திலும் இதற்கு ஒப்பான எடுத்துக்காட்டு உண்டு. காசுமீர மக்கள் குளிர்காலத்தில் நீண்ட மேலங்கியினுள்ளே ‘காங்கிரி’ என்னும் தணற்சட்டியை வயிற்றோடு அணைத்து வைத்திருப்பர். அதன் வெம்மையால் வயிற்றிலும் தொடையிலும் வடுப்பட்ட தோலிலே தோன்றும் புற்றினை எல்ம்சிலி என்ற மருத்துவர் 1866இல் விவரித்தார். வேறு முறையில் வீட்டை வெப்பமூட்ட இயலாத மக்களின் நோய் இது.

இவ்வெடுத்துக்காட்டுகளுக்கு ஒரு பொதுமை உண்டு. கரியோ எண்ணெயோ தணலோ வெயிலோ, யாவும் தோலை நெடுங்காலம் புண்படுத்துபவை. புண்பட்ட இழையம் அழற்சியுறும். அழற்சியுற்ற இடத்துக்கு நிர்ப்பீடனக் கலங்கள் விரையும். புற்றுக்கும் அழற்சிக்கும் உள்ள உறவு, நோயைக் கூறியோர் அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், தொழிலாளரின் தோலிலே முன்னரே எழுதப்பட்டிருந்தது.

3. இரு வேறு வரலாறுகள்

இவ்வுறவைத் தெளிவாக நோக்கியவர் ருடோல்ப் விர்ச்சோ ஆவார். 1863இல் கட்டிகள் பற்றி எழுதியபோது, புற்று இழையங்களில் வெண்குழியங்கள் காணப்படுவதைச் சுட்டி, நாட்பட்ட அழற்சியுற்ற இடங்களிற் புற்றுத் தோன்றக்கூடும் எனக் கருதினார். இதே விர்ச்சோவே 1848இல் பிரசிய அரசினால் மேற்சிலீசியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கு பரவிய கொள்ளைக்காய்ச்சலுக்கு வறுமையும் கல்வியின்மையும் அரசியல் அடக்குமுறையும் காரணங்கள் என அறிக்கை எழுதியவர். மருந்தைக் காட்டிலும் மக்களாட்சியையும் கல்வியையும் வாழ்க்கை வசதியையுமே அவர் பரிகாரமாக வேண்டினார். நோயுற்ற மனிதனை அவன் சூழலிலும், நோயுற்ற கலத்தை அதன் இழையத்திலும் வைத்து நோக்கும் பார்வை அவரிடம் ஒருசேர இருந்தது.

ஆயினும் அடுத்த நூறாண்டுக் காலத்தில் இப்பார்வை இரண்டாகப் பிளவுற்றது. ஒருபுறம் நிர்ப்பீடனக் கலங்களின் நகர்ச்சி ஆராயப்பட்டது. 1882இல் மெசினாவில் இல்யா மெச்னிக்கோவ், ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குடம்பியின் உடலிலே முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் அம்முள்ளைச் சூழ்ந்து கலங்கள் திரண்டிருப்பதைக் கண்டார். உடலின் கலங்கள் இடம்பெயரும், அழைப்புக்கு விடையளிக்கும் என்பது இதனாற் புலனாயிற்று. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மறுபுறம் புற்றுநோய்க் கலங்களின் பரவல் தனித்து ஆராயப்பட்டது. 1889இல் இலண்டனில் ஸ்ரீபன் பஜெற், மார்புப் புற்றினால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, பரவல் தற்செயலானதன்று என்றார். குருதி எல்லா உறுப்புகளுக்கும் செல்கின்றது. எனினும் சில உறுப்புகளிலே தான் புற்று வேரூன்றுகின்றது. விதை எங்கும் விழும், ஏற்ற நிலத்திலே தான் முளைக்கும் என்பது அவர் காட்டிய உவமை. நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட திணைமரபிலே பயின்ற நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று. ஆயினும் மருத்துவ உலகு நெடுங்காலம் விதையையே ஆராய்ந்தது, நிலத்தை மறந்தது.

இம்மறதிக்குக் காரணம் என்ன? 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புற்றுநோய் ஆய்வின் கவனம் கலத்தினுள் இருக்கும் பரம்பரை அலகுகளின் மீது குவிந்தது. அவ்வாய்வின் பேறுகள் பெரியவை, மறுக்கத்தக்கன அல்ல. எனினும், தனித்த கலமொன்று தன்னுள் ஏற்பட்ட பிழையினாற் கலகக்காரனாக மாறித் தன் போக்கிற் செல்கின்றது என்ற சித்திரம் அதனால் மேலோங்கியது. உயிரியும் சூழலும் ஒன்றையொன்று ஆக்குவன என்று 1985இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்திய றிச்சட் லெவின்சும் றிச்சட் லெவொன்ரினும், தனியனை முழுமையினின்று பிரித்து நோக்கும் இப்போக்கு முதலாளித்துவ சமூகத்தின் சிந்தனை முறையோடு தொடர்புடையது எனக் காட்டினர். இலக்கியத்தைத் தனியொருவரின் மேதைமையாக மட்டும் விளக்கும் திறனாய்வை நாம் மறுப்பது இதே காரணத்தாலேயே.

4. தூதுவர்களின் பெயர்கள்

நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றையொன்று அழைப்பதற்கு வெளியிடும் சிறு புரதங்கள் 1950களிலிருந்து ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன. இவை பொதுவாகச் சைற்றோகைன்கள் எனப்படும். 1957இல் ஐசாக்சும் லிண்டன்மானும் இன்ரபெரோனை அறிவித்தனர். 1975இல் லொயிட் ஓல்டின் குழுவினர், எலிகளிற் கட்டிகளை அழுகச்செய்த பொருளொன்றைக் கண்டு அதற்குக் ‘கட்டி நசிப்புக் காரணி’ எனப் பெயரிட்டனர். 1976இல் வெண்குழியங்களின் பெருக்கத்தைத் தூண்டும் பொருள் விவரிக்கப்பட்டது. அதுவே பின்னர் இன்ரலூக்கின்-2 எனப்பட்டது. 1987இல் வெண்குழியங்களைத் தன்பால் ஈர்க்கும் இன்ரலூக்கின்-8 தூய்மையாக்கப்பட்டது. இவ்வாறு கலங்களைத் திசைகாட்டி ஈர்க்கும் தூதுவர்கள் கீமோகைன்கள் என்னும் தனிக் குடும்பமாக வகுக்கப்பட்டன.

இப்பெயர்கள் யாவும் நன்மையைக் குறிக்கும் பெயர்கள்: தடுப்பது, கொல்வது, பெருக்குவது, அழைப்பது. ஆகவே இவற்றை மருந்தாகச் செலுத்தினாற் புற்று அழியும் என்ற நம்பிக்கை எழுந்தது. 1980இல் இன்ரபெரோனின் பரம்பரை அலகு பற்றீரியாவிற் புகுத்தப்பட்டு உற்பத்தி செய்யப்பட்டபோது, புதிய உயிர்த்தொழில்நுட்பக் கம்பனிகளின் பங்கு விலைகளும் அந்நம்பிக்கையோடு ஏறின. 1985இல் ஐக்கிய அமெரிக்காவில் ஸ்ரீவன் றோசன்பேர்க் மெலனோமா முதலிய நோயாளருக்கு இன்ரலூக்கின்-2 அளித்த அனுபவத்தை வெளியிட்டார். 1998இல் அந்நாட்டரசு பரவிய மெலனோமாவுக்கு அதனை அங்கீகரித்தது. ஒரு சிறு பகுதியினர் நெடுங்காலம் உயிர்பிழைத்தனர், பெரும்பாலோருக்குப் பயன் கிட்டவில்லை, பக்கவிளைவுகள் கடுமையாயிருந்தன.

இதே காலத்தில் எதிர்பாராத உண்மையொன்று தெரியவந்தது. 1980களில் ஆன் றிச்மண்டும் உடனாய்வாளரும் மெலனோமாக் கலங்கள் தம் வளர்ச்சியைத் தாமே தூண்டுவதற்கு வெளிவிடும் புரதமொன்றைப் பிரித்தெடுத்தனர். அது வெண்குழியங்களை ஈர்க்கும் கீமோகைன்களுள் ஒன்றெனப் பின்னர் துணியப்பட்டது. காவலரை அழைக்கும் குரலே கள்வரின் குரலாகவும் இருந்தது. 2001இல் சுலொற்னிக்கின் குழுவினர் மேலும் ஒருபடி சென்றனர். மார்புப் புற்றுக் கலங்களின் மேற்பரப்பிலும் மெலனோமாக் கலங்களின் மேற்பரப்பிலும் கீமோகைன்களை ஏற்கும் வாங்கிகள் உள்ளன. அவை செல்லும் உறுப்புகளில் அக்கீமோகைன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன என்று அவர்கள் காட்டினர். பஜெற்றின் நிலம் 112 ஆண்டுகளின் பின் மூலக்கூற்று மொழியிற் பேசத் தொடங்கியது.

5. நகர்ச்சியின் பொறிமுறை

கலம் எவ்வாறு நகர்கின்றது? தசையைச் சுருக்கும் அக்ரின், மயோசின் என்னும் புரதங்களே கலத்தின் உட்சட்டத்தையும் இயக்குகின்றன. 2003ஆம் ஆண்டளவில் இலண்டனிற் கிறிஸ் மார்ஷலும் எரிக் சகாயும், புற்றுக் கலங்கள் இருவேறு முறைகளில் நகர்வதை விளக்கினர். ஒன்று, கலம் நீண்டு, முன்னே பற்றி, சூழ்ந்துள்ள நார்களை நொதியங்களாற் கரைத்து வழியமைத்துச் செல்வது. மற்றையது, கலம் உருண்டு, மயோசினின் வலிய சுருக்கத்தால் அமீபாப் போல நார்களின் இடுக்குகளிலே தன்னைப் பிதுக்கிக்கொண்டு செல்வது. பின்னைய முறைக்கு ‘றொக்’ என்னும் நொதியம் தலையாயது. ஒரே மெலனோமாக் கலம் இவ்விரு முறைகளுக்குமிடையே மாறவல்லது என்பது 2008இல் வெளியான ஆய்வொன்றாற் தெளிவாயிற்று. ஆகவே ஒரு வழியை மட்டும் அடைக்கும் மருந்து நகர்ச்சியை நிறுத்திவிடாது.

எம்முறையைக் கலம் மேற்கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது யாது? 2011இல் விக்ரோரியா சான்ஸ்-மொறேனோ, மார்ஷல் முதலியோர் இவ்வினாவுக்கு விடை கண்டனர். இன்ரலூக்கின்-6 குடும்பத்தைச் சேர்ந்த சைற்றோகைன்கள் கலத்தின் வாங்கியோடு சேரும்போது, உள்ளே ‘ஜாக்-1’ என்னும் நொதியம் தூண்டப்படுகின்றது. அது றொக்கோடு இணைந்து மயோசினின் சுருக்கத்தை மிகுவிக்க, கலம் உருண்டு விரைகின்றது. அச்சுருக்கம் திரும்பவும் ஜாக்கின் வழிச் செல்லும் சமிக்ஞையை வலுப்படுத்துகின்றது. மேலும், புற்றைச் சூழ்ந்துள்ள நார்க்கலங்களிலும் இதே நிகழ்ச்சி நடைபெறுகின்றது. அவை சுருங்கி இழுத்து நார்களை மாற்றியமைக்க, புற்றுக் கலம் செல்வதற்குப் பாதை உண்டாகின்றது. காரணமும் காரியமும் ஒன்றினிடத்து மற்றொன்று மாறிநிற்கும் இவ்வுறவை, ஒருதிசைக் காரணவாதத்தால் விளக்குதல் இயலாது. ஜாக் என்னும் பெயர் இருமுகம் கொண்ட உரோமத் தெய்வமாகிய ஜேனசின் பெயரினின்றும் வந்தது. இப்பொருளின் தன்மைக்கு அது பொருந்துவதே.

வெயிலால் ஏற்படும் புண்ணும் இச்சங்கிலியிற் சேர்ந்தது. 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர் சிலர் எலிகளிற் செய்த ஆய்வின்படி, கழியூதாக் கதிராற் சிதைந்த தோற்கலங்கள் ஆபத்துச் சமிக்ஞை ஒன்றை வெளிவிடுகின்றன. அதனை ஏற்று வெண்குழியங்கள் வருகின்றன; அவற்றோடு வரும் அழற்சியிற் கட்டி நசிப்புக் காரணி சுரக்கின்றது; மெலனோமாக் கலங்கள் குருதிக்கலன்களை நோக்கி நகர்ந்து அவற்றின் வெளிச்சுவரைப் பற்றி ஊர்கின்றன; நுரையீரலிற் பரவல் மிகுகின்றது. கட்டியை நசிப்பது எனப் பெயர்பெற்ற பொருள், கட்டியின் கலத்துக்கு வழிகாட்டியாகவும் அமைகின்றது. இன்ரபெரோனின் ஒரு வகையும் கழியூதாக் கதிர் பட்ட நிறமிக் கலங்களைப் புற்றின்பால் இட்டுச்செல்லக்கூடும் என 2011இல் எலிகளில் அறியப்பட்டது.

இதிலிருந்து, இம்மூலக்கூறுகள் தீயவை என்று முடிவு செய்தல் தவறாகும். புண் ஆறுவதற்குக் கலங்கள் நகர்தல் வேண்டும். அதற்கு இச்சமிக்ஞைகள் இன்றியமையாதன. ஆறாத புண்ணில், ஓயாத அழற்சியில், அதே சமிக்ஞை நேர்மாறான விளைவைத் தருகின்றது. அளவின் மாற்றம் பண்பின் மாற்றமாகின்றது. ஒரு பொருளின் இயல்பு அப்பொருளினுள் மட்டும் இல்லை. அது நிற்கும் உறவுகளில் உள்ளது.

6. கட்டுகஸ்தோட்டையிலிருந்து நோக்குகையில்

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்தது கட்டுகஸ்தோட்டை. மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் வீதி இங்கே ஆற்றைக் கடக்கின்றது. கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர், மேலும் தெற்கே செல்வதற்கு இவ்வாற்றைக் கடந்தாக வேண்டும். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இச்சுற்றுவட்டத் தோட்டங்களில் உழைக்கின்றனர்.

மெலனோமா இம்மக்களிடையே அரிது. நிறமி செறிந்த தோல் கழியூதாக் கதிரினின்றும் ஓரளவு காக்கின்றது. தோன்றுமிடத்து, உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோ தோன்றுவதுண்டு. பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977இல் காணப்பட்ட மெலனோமா, பிற உறுப்புகளுக்குப் பரவி 1981இல் அவரின் 36ஆவது வயதில் உயிரைக் கவர்ந்தது. ஆயினும் மலையகத்திற் பெருந்துயர் தோலிலன்றி வாயில் நேர்கின்றது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றே. தோலின் மேற்படையைப் போலவே வாயின் உட்படையும் செதில் வடிவான மேலணிக் கலங்களால் ஆனது. பொட் கண்ட சிறுவரின் தோற்புற்றும், காங்கிரிப் புற்றும், நம் தோட்டத் தொழிலாளரின் வாய்ப்புற்றும் ஒரே வகைக் கலத்திற் தோன்றுவன.

இதன் பின்னணியிலும் ஒரு பண்ட வரலாறு உண்டு. கண்டி இராச்சியத்தின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களுள் பாக்கு ஒன்றாகும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதன் வாணிகத்தைக் கைப்பற்ற முயன்றனர். தமிழகக் கரைக்கு அது சென்றது. துணியும் அரிசியும் ஈடாக வந்தன. தோட்டங்களிலே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றின் சேர்க்கை நீண்ட வேலைநேரத்தின் களைப்பையும் பசியையும் மறப்பதற்கான மலிவான துணையாயிற்று. இதனைத் தொழிலாளரின் ‘தீய பழக்கம்’ என்று மட்டும் கூறுவோர், அப்பழக்கத்தை நிலைநிறுத்திய உழைப்பு முறையைக் காணத் தவறுகின்றனர். புகையிலை சேர்ந்த வெற்றிலை மெல்லுதல் புற்றை உண்டாக்கும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 1985இல் ஏற்றது. புகையிலையின்றிப் பாக்கு மட்டுமே புற்றை உண்டாக்கும் என்பதை 2004இல் ஏற்றது.

பாக்கு வாயில் என்ன செய்கின்றது என்பது நம் பொருளோடு நேரே இணைவது. பாக்கிலுள்ள இரசாயனப் பொருள்கள் வாயின் உட்படையை ஓயாது உறுத்துகின்றன. அழற்சி நிலைக்கின்றது. ‘மாற்ற வளர்ச்சிக் காரணி-பீற்றா’ என்னும் சைற்றோகைன் மிகுகின்றது. அதனாற் தூண்டப்பட்ட நார்க்கலங்கள் நார்ப்பொருளைக் குவிக்க, கன்னம் விறைத்து, வாய் திறக்க இயலாத நிலை உண்டாகின்றது. புற்றுக்கு முற்பட்ட இந்நிலை சிலரிடத்துப் புற்றாகின்றது. இயல்பான மேலணிக் கலத்தின் பெருக்கத்தை அடக்கும் அதே காரணி, புற்றான கலத்தைத் தன் அயலினின்றும் பிரிந்து நகரச் செய்கின்றது. மெலனோமாவிற் கண்ட இருமுகம் இங்கும் உண்டு. சமிக்ஞை ஒன்றே, ஆனால் இலண்டனிலும் பிராங்பேர்ட்டிலும் அதனை எழுப்புவது விடுமுறை வெயில், இங்கு அதனை எழுப்புவது வேலைநாளின் பாக்கு.

மகாவலி கட்டுகஸ்தோட்டையை அடையுமுன் பேராதனையைக் கடந்து வருகின்றது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பல்வைத்திய ஆய்வாளர் வாய்ப்புற்று ஆய்விற் சர்வதேச மதிப்புப் பெற்றவர்கள். சமன் வர்ணகுலசூரிய முதலியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஆரம்பச் சுகாதார ஊழியர்களே கிராமங்களில் மக்களின் வாயைப் பரிசோதித்துப் புற்றையும் அதன் முன்நிலையையும் இனங்காண முடியும் என நிறுவியது. 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிற் பரிசோதிக்கப்பட்டனர். கையிற் ஒரு மின்சூளும், பயிற்சிபெற்ற கண்ணும், வீடு தேடிச் செல்லும் ஊழியரும் போதுமாயிருந்தன. ஆயினும், மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரே சென்றனர். நாட்கூலி இழக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல முடியாதவர் வாழும் சமூகத்தில் இது அறியாமையின் விளைவு மட்டுமன்று.

மெலனோமா ஆய்வின் பயனாக, நிர்ப்பீடனக் கலங்களின் தடையை நீக்கும் புதுவகை மருந்து 2011இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அத்துறைக்கு அடித்தளமிட்ட அலிசனுக்கும் ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. 2016இல் அவ்வகை மருந்து தலை, கழுத்துப் பகுதியின் செதிற்கலப் புற்றுகளுக்கும் அங்கு அங்கீகரிக்கப்பட்டது. வாய்ப்புற்றும் அவற்றுள் அடங்கும். ஆகவே வெள்ளைத் தோலின் நோயைப் பற்றிய அறிவு நம் தொழிலாளரின் வாய்க்கும் பயன்படும் என்பது ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அறிவு சென்ற வேகத்தில் மருந்து செல்வதில்லை. நாட்கூலி 1000 ரூபா என 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்படுவதற்கே ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்த மக்களுக்கு, காப்புரிமையால் விலை உயர்த்தப்பட்ட அம்மருந்து எட்டாத தொலைவில் உள்ளது.

7. உருவகம் பற்றிய எச்சரிக்கை

இறுதியாக, மொழி பற்றி ஒன்று கூறுதல் நம் கடமையாகும். புற்றுக் கலத்தின் நகர்ச்சியைக் குறிக்கும் சொற்கள் யாவும் போரிலிருந்தும் குடியேற்றத்திலிருந்தும் பெறப்பட்டவை: படையெடுப்பு, ஊடுருவல், இடப்பெயர்வு, குடியேற்றம். நாமும் இக்கட்டுரையிற் காவலர், கள்வர், கலகக்காரன் என்றெல்லாம் எழுதினோம். நோயை உருவகமாக்குவதன் கேட்டினைச் சூசன் சொன்ராக் 1978இல் விரிவாக எடுத்துரைத்தார். நோயாளி மீது பழியும் அச்சமும் அதனாற் சுமத்தப்படுகின்றன.

இவ்வுருவகம் எதிர்த்திசையிலும் இயங்குவதை நாம் அறிவோம். இடம்பெயர்ந்து வந்த ஒரு மக்கட் கூட்டத்தைத் தேசத்தின் உடலிற் பரவும் புற்றாக வருணிக்கும் மேடைப்பேச்சு எந்நாட்டிலும் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தோர்க்கு, ‘வந்தேறி’ என்னும் சொல் எத்தகைய சட்டமாக மாறவல்லது என்பது விளங்கும். ஆகவே கலத்தைப் பற்றிய உண்மையைச் சமூகத்தின் மீது நேராகப் பொருத்துதல் கூடாது. விர்ச்சோவே உடலைக் கலங்களின் குடியரசாக வருணித்தவர். அவ்வுவமையை வேறு நோக்கங்களுக்கும் பயன்படுத்தலாம் என்பதை வரலாறு காட்டியது. மனிதர் கலங்களல்லர். கலத்திடமிருந்து நாம் பெறும் பாடம் உவமையாலன்றி முறையியலாலேயே பெறத்தக்கது: நகர்வனவற்றை விளங்கிக்கொள்வதற்கு, அவற்றை நகர்த்தும் உறவுகளை ஆராய்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் மன்னாரிலிருந்து நடந்துவந்தமை அவர்தம் இயல்பினால் அன்று. பஞ்சமும் கடனும் கோப்பி மூலதனமும் அவர்களை நடத்தின.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தோற்புற்றுநோய் பற்றிய அறிவு உழைப்பாளரின் புண்பட்ட தோலிலே தொடங்கி, தனித்த கலத்தினுட் சென்று, மீண்டும் அக்கலத்தின் சூழலுக்கு வந்து சேர்ந்துள்ளமை புலனாகும். இத்திரும்புதல் இன்னும் முழுமைபெறவில்லை. கலத்தின் சூழலாக இழையத்தை ஏற்றுக்கொண்ட ஆய்வு, இழையத்தின் சூழலாக வேலைத்தலத்தையும் கூலியையும் ஏற்றுக்கொள்ளும்போதே அது முழுமையுறும். 1863இன் விர்ச்சோவும் 1848இன் விர்ச்சோவும் ஒருவரே என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நமக்குரிய பணியும் இதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் ஆக்குவித்தார். அந்த மரபு அறுபடாதிருந்தால், சைற்றோகைன் என்பதற்கு இன்று நாம் தடுமாறவேண்டியிராது. கலைச்சொல்லை ஆக்குவதோடு அப்பணி முடிவதில்லை. கன்னம் விறைக்கின்றதா, மிளகாய் பட்டால் எரிகின்றதா, வாயில் ஆறாத வெள்ளைத் தழும்போ சிவந்த புண்ணோ உண்டா என்று தோட்டத்துப் பெண்ணொருத்தியிடம் அவள் மொழியிற் கேட்பதற்கும், அவள் கூறும் விடையைக் குறித்துக்கொள்வதற்கும், மறுநாட் கூலியை இழவாமல் அவள் வைத்தியசாலைக்குச் செல்வதற்கும் வழிசெய்தல் வேண்டும். கலம் நகர்வதற்கு முன்னரே நோயை அறிவதற்கு இன்றும் இதனினும் சிறந்த வழி இல்லை. ஆய்வுகூடத்தின் அறிவும் மக்களின் மொழியும் சந்திக்கும் இடம் அதுவே என்பது நம் துணிபு.